காலைமுகம்: எடோ நகரத்துப் பூந்தொட்டிகளின் வரலாறு

தோட்டக்கலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நிலமுடையோரின் வரலாற்றையே எழுதியுள்ளனர். அரசர்களின் சோலைகளும் அவற்றை அமைத்த வல்லுநர்களின் பெயர்களும் நூல்களில் இடம்பெற்றன. ஒரு சாண் மண்ணும் சொந்தமாக இல்லாதவன் தன் வாயிற்படியில் வைத்து வளர்த்த பூஞ்செடி அந்நூல்களில் இடம்பெறுவது அரிது. அத்தகைய செடிகளின் வரலாறு ஓரளவு முழுமையாகக் கிடைக்கும் நகரம் ஒன்று உண்டு. அது இன்று டோக்கியோ எனப்படும் எடோ. அந்நகரத்து மக்கள் தொட்டிகளில் வளர்த்த ஒரு கொடியின் கதையை இக்கட்டுரையில் காண்போம். அக்கொடியின் பெயர் அசகாவோ. 'அச' என்பது காலை, 'காவோ' என்பது முகம். காலைமுகம் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

நிலமற்றோர் நகரம்

1603 இல் டோகுகாவா இயெயாசு ஷோகுன் பட்டம் பெற்றதும் எடோ ஆட்சித் தலைநகராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டியிருந்தது என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வணிகரும் கைவினைஞரும் கூலியாட்களுமாகிய நகர மாந்தர். ஆனால் நகர நிலத்தில் அவர்கள் வாழ்ந்த பகுதி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மிகுதி நிலம் சாமுராய் மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் உரியதாக இருந்தது.

நகர மாந்தருள் எளியோர் 'நகயா' எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்தனர். அவற்றுள் மிகச் சிறியது முன்புறம் ஏறத்தாழ ஒன்பது அடியும் உட்புறம் பன்னிரண்டு அடியும் கொண்டது. சமையலும் உறக்கமும் தொழிலும் அதற்குள்ளேதான். வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் இடையே ஒரு குறுகிய சந்து இருந்தது. செடி வைக்க அவர்களுக்குக் கிடைத்த இடமெல்லாம் அந்தச் சந்தின் ஓரமும் கூரையின் இறவாரத்து அடியும் சன்னலின் விளிம்புமே. அங்கே பாத்தி கட்ட இயலாது. தொட்டி வைக்க இயலும்.

எடோ நகரத்து அகழாய்வுகளில் கிடைத்த மண்கலங்கள் இச்செய்தியை மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. தொடக்கக்காலத்துப் பூந்தொட்டிகள் பல, பூந்தொட்டிக்கென்று செய்யப்பட்டவை அல்ல. வேறு பயன்பாட்டிற்காகச் சுட்ட கிண்ணங்களையும் சாடிகளையும் எடுத்து, அடியில் பின்னர் துளையிட்டுச் செடி வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வளர வளர, சுடுவதற்கு முன்பே அடியில் துளை வைத்து வனையப்பட்ட தொட்டிகள் பெருகுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலச் சித்திரம் தீட்டிய பீங்கான் தொட்டிகளும் காணக்கிடைக்கின்றன. குயவன் சூளைக்கு அனுப்பும் முன்பே துளையிடுகிறான் என்றால், பூந்தொட்டிக்கென்று ஒரு சந்தை உருவாகிவிட்டது என்று பொருள். நீர் தங்கும் கலத்தில் வேர் அழுகும். நீர் வடியும் கலத்தில் வேர் மூச்சு விடும். கலத்தைத் தொட்டியாக்குவது அந்தத் துளைதான்.

மருந்தாக வந்த கொடி

அசகாவோ ஜப்பானுக்குப் பூவாக வரவில்லை. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய நாரா காலத்தில் சீனத்திலிருந்து மருந்தாக வந்தது என்பர். அதன் விதை கடுமையான பேதி மருந்து. தாவரவியலார் ஐப்போமியா நில் என்று பெயரிட்டிருக்கும் இக்கொடி நமக்கும் அயலானதன்று. சித்த மருத்துவத்தில் காக்கட்டான் விதை என்றும் வடபுலத்தில் காலாதானா என்றும் வழங்கப்பட்டுப் பேதிக்குக் கொடுக்கப்பட்ட விதை இதனுடையதே. ஒரே விதையைக் கையில் வைத்திருந்த பல நாடுகளுள் ஜப்பான் மட்டும் அதன் பூவை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்து சென்றது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

இப்பூவின் இயல்பு அதற்கு ஒரு காரணம் எனலாம். அது மாலை இருள் தொடங்கி ஏறத்தாழப் பத்து மணி நேரம் கழித்து, பொழுது புலரும் முன்பே விரிகிறது. வெயில் ஏற ஏறச் சுருங்கி, நண்பகலுக்குள் வாடிவிடுகிறது. நிலையாமையைப் பாடிய கவிஞர்க்கு அது ஏற்ற பொருளாயிற்று. தேநீர்க் கலையின் ஆசானாகிய சென் நோ ரிக்யூ (இறப்பு 1591) பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. அவர் தோட்டத்து அசகாவோவின் அழகைக் கேள்வியுற்று ஆட்சியாளர் ஹிதெயோஷி காணவந்தாராம். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. சினத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தவர் அங்கே ஒரே ஒரு பூவைக் கண்டாராம். மற்றவற்றையெல்லாம் ரிக்யூ கொய்துவிட்டிருந்தார். இக்கதை நடந்ததோ இல்லையோ, அதில் தெரியும் உலகம் மாளிகையும் தோட்டமும் உடையவர்களின் உலகம். கொய்து எறிவதற்குத் தோட்டம் நிறையப் பூ வேண்டும். எடோவின் சந்துகளில் வாழ்ந்தவனுக்கு அந்த ஒரே பூவே முதலும் முடிவும்.

தீயில் பிறந்த பித்து

1806 இல் எடோவைப் பெருந்தீ ஒன்று அழித்தது. ஷிதாயா, ஒகாச்சிமாச்சிப் பகுதிகளில் வீடுகள் எரிந்து வெற்றிடமாகிய நிலங்களில் செடி வளர்ப்போர் அசகாவோவைப் பயிரிட்டனர் என்றும் அங்கிருந்தே அப்பூவின் மீதான பித்து தொடங்கியது என்றும் சொல்லப்படுகிறது. ஒகாச்சிமாச்சி என்பது காலாட்படைச் சாமுராய்கள் வாழ்ந்த பகுதி. அவர்கள் சாமுராய்கள் எனினும் கீழ்நிலையினர். அரிசியாகக் கிடைத்த ஊதியம் குடும்பத்திற்குப் போதவில்லை. வாளேந்தும் உரிமை பெற்றவர்கள் வருவாய் வேண்டித் தொட்டியில் நாற்று நட்டார்கள்.

1804 முதல் 1830 வரையிலான பூங்கா, பூன்செய் ஆண்டுகளை முதற்பித்தின் காலம் என்பர். இக்காலத்தில் அசகாவோவுக்கென்றே தனி நூல்கள் வெளிவந்தன. 1815 இலும் 1817 இலும் வந்த படநூல்களில் நாம் காணும் பூக்கள் வேலியில் படரும் எளிய புனல் வடிவப் பூக்கள் அல்ல. இதழ்கள் கீற்றுக்கீற்றாகக் கிழிந்தவை, இறகுபோல் சுருண்டவை, அடுக்கடுக்காக மடிந்தவை, இலையே ஊசியாக ஒடுங்கியவை எனப் பலவாறு அவை வேறுபடுகின்றன. தலைப்பை மூடிவிட்டுக் காட்டினால் இது அசகாவோ என்று எவரும் சொல்லமாட்டார்.

1830களின் பஞ்சமும் 1841 முதல் 1843 வரை நடந்த தெம்போ சீர்திருத்தங்களும் பித்தைத் தணித்தன. அச்சீர்திருத்தங்கள் ஆடம்பரத்தை ஒடுக்க முனைந்தவை; மிகுவிலைத் தொட்டிச் செடிகளும் அவற்றின் கண்ணுக்குத் தப்பவில்லை. அது ஓய்ந்தபின் 1848 முதல் 1860 வரை இரண்டாம் பித்து எழுந்தது. 1854 இல் வெளியான 'அசகாவோ சன்ஜூரொக்கசென்' அக்காலத்தின் புகழ்பெற்ற நூல். ஹத்தோரி செஸ்ஸாய் வரைந்த படங்களுடன் முப்பத்தாறு அசகாவோக்களை அது காட்டுகிறது. முப்பத்தாறு என்ற எண் ஏன்? ஜப்பானிய இலக்கியத்தில் முப்பத்தாறு கவிமேதைகள் என்ற தொகை மரபு உண்டு. அந்த இருக்கைகளில் பூக்களை அமர்த்தியிருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை நிரல்படுத்தியதைப் பயின்ற நமக்கு, பூவை எண்ணிப் பெயரிட்டு அடுக்குவதில் உள்ள இன்பம் புதிதன்று.

தொட்டியின் நாட்கள்

இக்கொடியைத் தொட்டியில் வளர்க்கும் முறை பொறுமையைக் கேட்பது. மரபாக வளர்ப்போர் இன்றும் பின்பற்றும் ஒழுங்கு இது. வசந்தத் தொடக்கத்திலிருந்து எண்பத்தெட்டாம் நாளை, அதாவது மே மாதத் தொடக்கத்தை, ஒட்டி விதைப்பார்கள். விதையின் தோல் கடினமானது; நீர் உட்புகுவதற்காக அதன் முதுகில் சிறிது கீறிவிடுவார்கள். கான்டோ சமவெளியின் எரிமலைச் செம்மண்ணைச் சலித்து, மக்கிய இலையும் கருக்கிய உமியும் கலந்தால் நீர் தேங்காத, ஆனால் ஈரம் காக்கும் மண் கிடைக்கும். வித்திலை விரிந்ததும் சிறு தொட்டிக்கும், வேர் நிறைந்ததும் ஐந்தாறு அங்குல வாயுடைய தொட்டிக்கும் மாற்றுவார்கள். மாற்றும்போது வேர்மண் உடையக் கூடாது. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை எழும். பிண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த நீரை நீர்க்கச் செய்து உரமாக ஊற்றுவார்கள். பிற்காலத்தில் இரியாவில் நிலைபெற்ற முறைப்படி, தொட்டியில் குச்சிகள் ஊன்றி மூன்று வளையங்கள் கட்டி, காகித விளக்குக் கூண்டைப் போன்ற அதன்மேல் கொடியைச் சுற்றிவிடுவார்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது நீர். நிலத்துச் செடி வேரை ஆழ இறக்கித் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அவ்வுரிமை இல்லை. காலையில் ஒருமுறை, கடுங்கோடையில் மண் காய்ந்திருந்தால் மாலையிலும் ஒருமுறை, அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றவேண்டும். ஒருநாள் மறந்தால் இலை தொங்கும். இரண்டு நாள் மறந்தால் அந்த ஆண்டின் உழைப்பு போயிற்று.

பதிலுக்குத் தொட்டி தந்த பயன் பெரிது. பூவைக் காண்போரிடம் கொண்டுசெல்ல முடிந்தது. கோடைக் காலையில் காவடித் தண்டின் இருபுறமும் தொட்டிகளைத் தொங்கவிட்டுக் கூவி விற்ற அசகாவோ வணிகர்களை அக்கால மரவெட்டு அச்சோவியங்களில் காணலாம். பூ வாடுமுன் காலையிலேயே கூட்டிப் பார்த்துத் தரம்பிரிக்கும் போட்டிகள் நடந்தன. முடிவுகளைச் சுமோ மல்லர்களின் தரவரிசைத் தாளைப் போலவே அச்சிட்டார்கள். இரண்டாம் பித்தின் காலத்தில் இவ்வட்டத்தின் நடுவே இருவரைக் காண்கிறோம். ஒருவர் நபெஷிமா நவோதகா, எடோ நகரத்து ஆட்சி நடுவராகப் பதவி வகித்த உயர்குடிச் சாமுராய். மற்றவர் நரிதாயா தோமெஜிரோ, இரியாவில் செடி விற்றவர். 1854 இல் 'சன்தோ இச்சோ' என்ற அசகாவோ படநூலை வெளியிட்டவர். குலத்தால் வகுக்கப்பட்ட அச்சமுதாயத்தில் நடுவரும் செடிக்காரரும் ஒரு தொட்டியின் முன் அருகருகே குனிந்து நின்றனர் என்பது எளிய செய்தியன்று.

1860 இன் இலையுதிர் காலத்தில் எடோவுக்கு வந்த ஸ்காட்லாந்துத் தாவர வேட்டைக்காரர் ராபர்ட் ஃபார்ச்சூன் அசகாவோ பூக்கும் பருவத்தைத் தவறவிட்டார். அவர் கண்டது சாமந்திகளை. எனினும் தாங்கோசாகா, சோமெய் ஆகிய இடங்களின் நாற்றுப்பண்ணைகளின் பரப்பையும், எளிய மக்களின் பூ விருப்பையும் 1863 இல் வெளியான தம் நூலில் வியந்து குறித்துள்ளார்.

மலட்டுப் பூவும் அதன் உடன்பிறப்பும்

இனி நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். போட்டியில் முதலிடம் பெற்ற அந்த விசித்திரப் பூக்களுள் பெரும்பாலானவை மலடு. மகரந்தத் தாள்களும் சூலகமும் இதழாகத் திரிந்துபோனவை எவ்வாறு விதை தரும்? அவற்றுக்கு 'தெமோனோ' என்று பெயர். 'வெளிப்பட்டவை' என்பது பொருள். அப்பூ வாடுவதோடு அச்செடியின் வழி முடிந்தது. ஒட்டுப்போட்டும் பதியன் வைத்தும் காலங்காலமாகக் காக்க இது மரமன்று. ஓராண்டில் மடியும் கொடி.

அவ்வாறாயின் அடுத்த ஆண்டும் அதே பூ எவ்வாறு மலர்ந்தது? விடை அதன் உடன்பிறந்த செடிகளில் இருந்தது. ஒரே காயிலிருந்து வந்த விதைகளில் சில விசித்திரமாகவும் மற்றவை பார்வைக்கு எளியனவாகவும் முளைக்கின்றன. அந்த எளிய செடிகளுள் சில தம்முள் அந்த அழகை மறைத்து வைத்திருக்கின்றன. தாமே அதைக் காட்டுவதில்லை. தம் பிள்ளைகளில் காட்டுகின்றன. ஆகவே எடோ வளர்ப்போர் விசித்திரச் செடியைப் போட்டிக்கு அனுப்பிவிட்டு, பார்வைக்கு எளிய உடன்பிறப்புகளின் விதையைத் தனித்தனியே பொதிந்து வைத்தார்கள்.

கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றிய தம் ஆய்வை வாசித்தது 1865 இல். அச்சேறியது 1866 இல். உலகம் அதை உணர்ந்தது 1900 இல். இன்று நாம் ஒடுங்கு பண்பு என்று சொல்வதை எடோ மக்கள் பெயரிடாமலே கையாண்டிருக்கிறார்கள். ஓர் ஒடுங்கு பண்பு நான்கில் ஒரு செடியில் வெளிப்படும். இரண்டு பண்புகள் ஒருங்கே வேண்டுமெனில் பதினாறில் ஒன்று; மூன்றெனில் அறுபத்துநான்கில் ஒன்று. சந்தோரத்தில் அறுபத்துநான்கு தொட்டிகளுக்கு இடமேது? அதற்கும் வழி கண்டிருந்தார்கள். பல வகைகளில் பூவின் திரிபு வித்திலையிலேயே தெரிந்துவிடும். வித்திலையின் ஒடுக்கத்தையும் சுருக்கத்தையும் பார்த்து நாற்றுப் பருவத்திலேயே தெரிவு செய்தார்கள்.

அவ்விசித்திரச் செடிகளுக்குப் பெயரிடும் முறையும் இலக்கண மாணவர்க்குச் சுவை தருவது. இலையின் நிறம், கோலம், வடிவம், பின் பூவின் நிறம், கோலம், மலரும் விதம் என்று ஒவ்வொரு பண்பையும் ஒழுங்காக அடுக்கி ஒரே நீண்ட தொடராக்குவார்கள். பண்புத்தொகைகளைக் கோத்த அத்தொடரைப் படித்தாலே செடி கண்முன் நிற்கும். இவ்வளவு திரிபுகளும் ஒரே கொடியில் தோன்றியதற்கு, மரபுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் துணுக்குகளே பெரிதும் காரணம் என்று இக்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். அசகாவோவின் முழு மரபுத்தொகுதி 2016 இல் வெளியிடப்பட்டது.

அற்றுப்போனதும் எஞ்சியதும்

மெய்ஜி ஆட்சியில் அசகாவோவின் இருப்பிடம் இரியாவாயிற்று. நகரம் நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறிற்று. செடிக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். 1913 அளவில் இரியாவில் அசகாவோ வளர்ப்பு நின்றுபோயிற்று. விசித்திர வகைகளைப் பேணியோர் அருகினர். பின்னர் உலகப்போர் வந்தது. உணவுக்கே வழியில்லாத காலத்தில், ஆண்டுதோறும் விதைத்து, பிரித்து, பொதிந்து வைக்க யாருக்கு இயலும்? பல வழிகள் அப்போது அறுந்தன.

எடோ நூல்களில் மஞ்சள் அசகாவோ காணப்படுகிறது. ஆனால் மண்ணில் அது இல்லை. 2014 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மஞ்சள் அசகாவோவை மலர்வித்தனர். ஆனால் அதற்கு வேறொரு செடியின், அதாவது நாய்முகப்பூ எனப்படும் ஆன்ட்டிரைனத்தின், மரபணுவைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. தொலைந்த வழி திரும்பவில்லை; அதன் சாயல் மட்டுமே திரும்பியது.

தமிழ் கற்பிப்போராகிய நமக்கு இந்த இழப்பு அயலானதாகத் தோன்றவில்லை. பனையோலையும் ஒரு வகையில் விதை போன்றதே. செல்லரிக்கும் முன் அடுத்த தலைமுறை பெயர்த்தெழுதினால் நூல் வாழும். இல்லையேல் வளையாபதியைப் போல உரைகளிலும் தொகைகளிலும் சிக்கிய சில பாடல்களாக எஞ்சும். ஓலைக்கு நூறாண்டுக்கு மேலும் தவணை உண்டு. சாதாரணமாக வைத்த அசகாவோ விதைக்குச் சில ஆண்டுகளே தவணை.

முற்றும் அழியாமல் காத்தவர்களும் உண்டு. அசகாவோவின் மரபியலை ஆராய்ந்த தகெனகா யோ போருக்குப் பின் மிஷிமாவிலுள்ள தேசிய மரபியல் நிறுவனத்தில் பல வழிகளைத் திரட்டிப் பேணினார். அத்தொகுப்பு பின்னர் கியூஷூ பல்கலைக்கழகத்தை அடைந்து, இன்றும் அங்கே ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிக்கப்படுகிறது. சாகுரா நகரிலுள்ள தேசிய ஜப்பானிய வரலாற்று அருங்காட்சியகம் 1999 முதல் கோடைதோறும் மரபு அசகாவோக்களைத் தொட்டிகளில் காட்சிக்கு வைத்துவருகிறது. அருங்காட்சியகத்தின் பிற பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைக்கலாம். இவற்றுக்கோ காலையில் ஒருவர் நீர் ஊற்றியாக வேண்டும். இரியாவில் 1948 இல் மீண்ட அசகாவோச் சந்தை ஜூலை 6 முதல் 8 வரை கிஷிமோஜின் ஆலயத்தைச் சூழ நடைபெறுவது. ஜப்பானியத் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொட்டியில் அசகாவோ விதைத்துக் கோடை விடுமுறைக்கு வீட்டுக்குச் சுமந்து செல்வது நாடறிந்த வழக்கம்.

எடோவின் மாளிகைத் தோட்டங்களுள் பல மறைந்தன. ஒன்பதடி வீட்டின் வாயிலில் மலர்ந்த கொடி மறையவில்லை. ஓவியம் வரைந்தவரும் தரவரிசை அச்சிட்டவரும் அதன் புகழைக் காத்தனர். அதன் உயிரைக் காத்தவர்களோ, பரிசு பெறாத எளிய செடிக்கும் அதே நீரை ஊற்றி, அதன் விதையைத் தாளில் பொதிந்து, பெயரெழுதி வைத்தவர்கள். அவர்களுள் மிகப் பலரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

தொட்டியில் செடி வளர்ப்போர் இதிலிருந்து பெறத்தக்கது ஒன்றுண்டு என நாம் கருதுகிறோம். பூ முடிந்த தொட்டியை உடனே கவிழ்த்துவிட வேண்டாம். அழகாய்ப் பூக்காத செடியையும் ஒரு பருவம் பொறுத்துப் பார்க்கலாம். காய்ந்த நெற்றிலிருந்து நான்கு விதையை எடுத்துத் தாளில் மடித்து, ஆண்டும் நிறமும் குறித்து வைப்பது பெரிய வேலையன்று. அடுத்த ஆண்டு அதைப் பிரித்து விதைப்பவர் நாமாகவும் இருக்கலாம். நம் பக்கத்து வீட்டாராகவும் இருக்கலாம்.